அறக்குளாவுக்குப் பக்கத்தில் ஒரு பாரி-பிரெஸ்ட்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாரிசில் ஐந்து நாள் நின்று, ஒரு துண்டுப் பிரெஞ்சுப் பலகாரம்கூட வாயில் வைக்காமல் திரும்பி வந்தவள் நான். அதுவும் பதினொரு பலகாரங்களின் பட்டியலோடு போனவள்.

அந்தப் பட்டியலை டொரோண்டோவின் மல்வேர்ன் பகுதியிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்சில், குளிர்காலம் முழுவதும் இருந்து தயாரித்தேன். யாராவது பாரிசுக்குப் பயணம் போவதாகச் சொன்னால் இன்றும் கேட்காமலே அனுப்பிவைப்பேன். கனெலேயைக் காலையிலேயே வாங்குங்கள், பின்னேரமானால் மொறுமொறு என்ற கறுத்த தோல் இளகிவிடும். மில்ஃபேயை நின்றபடி சாப்பிடாதீர்கள், அத்தனை அடுக்கும் சட்டையில்தான் கொட்டும். தார்த் தத்தான் என்ற ஆப்பிள் பலகாரத்தை இளஞ்சூட்டோடு கேளுங்கள். க்ரெம் ப்ரூலே வந்ததும் பாயாதீர்கள். மேலே இருக்கும் சீனிக் கண்ணாடியைக் கரண்டியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டி, அது உடையும் சத்தத்தை முதலில் காதால் சாப்பிடுங்கள்.

(இதில் ஒன்றையும் நான் சாப்பிட்டதில்லை என்பதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.)

டொரோண்டோவில் இவை கிடைக்காதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கிடைக்கும். ஆனால் முதற்கடி பாரிசில்தான் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். இருபத்திமூன்று வயதில் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

பட்டியலின் பதினோராவது பலகாரம் மட்டும் என்னுடையதல்ல. ஒருநாள் சோபாவில் கிடந்து ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"உந்தச் சில்லை நான் கண்டிருக்கிறன்."

"எதை அம்மா?"

"உதுதான், சைக்கிள் சில்லு மாதிரி. மேல பாதாம் சீவல். பாரிசில நான் பஸ்சுக்கு நிக்கிற இடத்துக்கு நேர எதிர்க்க ஒரு கடை. கண்ணாடிக்குள்ள வச்சிருப்பினம்."

"சாப்பிட்டனீங்களோ?"

"பாத்தனான்," என்றா அம்மா. மடித்த துவாயை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டா.

கனடா வருவதற்கு முதல் அம்மா இரண்டு வருடம் பாரிசில் இருந்தவ. அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவ எனக்குச் சொன்னது மொத்தமாக அவ்வளவுதான். அந்தச் சில்லின் பெயர் பாரி-பிரெஸ்ட். பாரிசுக்கும் பிரெஸ்ட் என்ற ஊருக்கும் இடையில் நடந்த சைக்கிள் பந்தயத்துக்காகச் சில்லு வடிவில், அதாவது சக்கரம் போல, செய்தார்கள் என்ற வரலாறு வரைக்கும் நான் படித்து முடித்தேன். படித்ததோடு ஒரு முடிவும் எடுத்தேன். அந்தச் சில்லை வாங்கி வந்து அம்மாவின் கையில் கொடுப்பேன். முதற்கடி அம்மாவுக்கு. இரண்டாவது எனக்கு.

தீபாவளிக்கு அப்பாவின் தங்கை, பாரிஸ் மாமி வீட்டுக்குப் போனேன். சொந்தக்காரர் இருக்கும் ஊரில் ஊரைப் பார்க்க முடியாது, சொந்தக்காரரைத்தான் பார்க்கலாம் என்பது போன பிறகுதான் புரிந்தது. மத்தியானம் ஒரு வீடு, இரவு ஒரு வீடு. கணவாய், நண்டு, ஆட்டிறைச்சி. நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தாலே மாமி பிடித்துவிடுவா.

"எங்க பிள்ளை வெளிக்கிடுறாய்? வெளியில கண்டதையும் திண்டு வயித்தைக் கெடுக்காத. இப்ப சாப்பிட்டாத்தான். பேந்து ஒரு கிழமைக்கு மச்சம் இல்லை. எனக்கும் பிரிட்ஜைத் துப்பரவாக்க வேணும்."

பிறகு ஒரு கிழமைக்கு ஏன் மீனும் இறைச்சியும் இல்லை? புத்தியுள்ள எவரும் அந்த இடத்தில் கேட்டிருப்பார்கள். நான் கைப்பேசியில் எக்ளேர் கடைக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் திடீரென்று பருப்பும் வாழைக்காயும் மட்டும் வந்தன. மாமி வீட்டில் மீன் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். மறுநாள் விடிய மாமி தலைக்கு முழுகி, விளக்கேற்றி, திருநீறு பூசி என்னை வழியனுப்பினா. எனக்காகத்தான் சாமி கும்பிடுகிறா என்று கண்கூடக் கலங்கினேன்.

விமான நிலைய ரயிலுக்குப் போகும் வழியில் ஒரு கடை திறந்திருந்தது. கண்ணாடிக்குள் ஒரேயொரு சில்லு. மேலே பாதாம் சீவல், பொடிச்சீனி, நடுவில் மண்ணிற கிறீம் சுருள்சுருளாக. மூடியில் கண்ணாடி போல ஒரு திரை வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து, தங்க நிற நூலால் கட்டித் தந்தார்கள். எட்டு மணி நேரம் அது என் மடியில் வந்தது. விமானப் பணிப்பெண்ணிடம் கெஞ்சி இரண்டு பை ஐஸ் வாங்கிப் பெட்டிக்கு அண்டக் கொடுத்தேன். பக்கத்து இருக்கைக்காரர், உள்ளே என்ன மருந்தா என்று கேட்டார். அதைவிட முக்கியம் என்றேன்.

அப்பா காரோடு வந்திருந்தார்.

"அம்மா என்ன செய்யிறா, அப்பா?"

"கொம்மா கோயிலுக்குப் போட்டு வந்து சாய்ஞ்சிருக்கிறா. களைப்பு."

அதிலும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வீட்டுக்குள் போனதும் சப்பாத்தைக் கழற்றாமலே பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்து நூலை அவிழ்த்தேன். அம்மா கிட்ட வந்து குனிந்து பார்த்தா. பிறகு மெதுவாக, "சில்லு," என்றா.

என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டிய ஒரு நிமிடம் உண்டென்றால் அது இதுதான்.

"முட்டை போட்டிருக்கோ பிள்ளை?" என்று அம்மா கேட்டா. குரலில் ஒரு நப்பாசை இருந்தது. இப்போது யோசித்தால் தெரிகிறது. அப்போது எனக்குக் கேட்டது, என் அறிவைக் காட்ட ஒரு அழைப்பு.

"என்னம்மா இப்பிடிக் கேக்கிறீங்கள்? முட்டை இல்லாட்டி இது பொங்கவே பொங்காது! மாவை அடுப்பில கிண்டி, ஆற விட்டு, ஒவ்வொரு முட்டையா அடிச்சுச் சேர்க்கிறது. கிறீமுக்கு வேற மஞ்சள் கரு. பாத்தா சில்லு, ஆனா உண்மையில முழுக்க முட்டைதான்!"

அம்மா நிமிர்ந்தா. சுவரில் தொங்கிய, பலசரக்குக் கடையில் சும்மா தந்த தமிழ்க் கலண்டரைக் காட்டினா.

"இண்டைக்குக் கந்தசஷ்டி துவக்கம், பிள்ளை."

அம்மாவுக்கு ஆறு நாள் பாலும் பழமும்தான். ஏழாம் நாள் விரதம் முடிக்கும் பாறணை, அதுவும் மரக்கறி. முட்டை எட்டாம் நாள்தான்.

"நான் விரதம் இல்லை," என்று அப்பா கரண்டியோடு வந்து நின்றார்.

"தொடாதேங்கோ அப்பா! முதற்கடி அம்மாவுக்கு."

"அப்ப வெளியில குளிருக்க வை."

"ரக்கூன் வந்து பாறணை முடிச்சிடும்," என்றா அம்மா.

சமையலறைப் பிரிட்ஜில் வைக்கவும் வழியில்லை. அங்கே சாமிக்கு வைக்கும் பால் இருந்தது. விரதம் தொடங்கினால் எங்கள் வீட்டு மீன்களெல்லாம் நிலக்கீழ் அறைப் பிறீசருக்கு நாடு கடத்தப்பட்டுவிடும். ஆகவே பாரி-பிரெஸ்டும் அங்கே அகதியாகப் போனது. ஒரு பக்கம் நண்டு, மறுபக்கம் அப்பா விலைக்கழிவில் வாங்கிய அறக்குளா மீன் துண்டங்கள்.

நாலாம் நாள் எதையோ எடுக்கக் கீழே இறங்கினேன். அம்மா பிறீசர் மூடியைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தா. பெட்டியை எடுக்கவில்லை. அதன் மூடித் திரைக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தா, அவ்வளவுதான். குளிர்ப்புகை முகத்தில் அடித்தது.

என்னைக் கண்டதும் மூடியைச் சாத்தினா. "உடுப்புத் தோய்க்க வந்தனான்," என்றா. கையில் உடுப்பு ஒன்றும் இல்லை.

நான் சத்தம் போடாமல் மேலே ஏறிவிட்டேன். எட்டாம் நாளுக்காக அந்த வீட்டில் அம்மாவைவிட அதிகமாகக் காத்திருந்தவள் நான்தான்.

எட்டாம் நாள் காலை சில்லை வெளியே எடுத்து உருக விட்டேன். முதலில் காற்றுப் போனது. பிறகு கிறீம் தண்ணீர் விட்டது. பாதாம் சீவல்கள் மழையில் நனைந்த பஸ் டிக்கற் போல ஒட்டிக்கொண்டன. எப்படித் துடைத்தாலும் போகாத ஒரு மணம் மட்டும் மெல்ல எழுந்து அறையை நிரப்பியது. அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"பிரெஞ்சுக்காரர் இதுக்கு மீனும் போடுவினமோ?"

நான் பெட்டியோடு குப்பைத் தொட்டிப் பக்கம் ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தா. தட்டை எடுத்து வந்து மேசைக்கு முன்னால் இருந்தா. கரண்டியால் ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்து, அவசரமில்லாமல் ஆறுதலாகச் சப்பினா.

"எப்பிடியம்மா?"

அம்மா இன்னொரு துண்டு எடுத்தா.

"நான் கண்ணாடிக்கு வெளியிலதானே நிண்டனான். மணம் வரேல்லை," என்றா. "இப்பிடித்தான் மணக்கும் போல."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். அம்மாவும் சிரித்தா, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. ஆனால் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. எனக்கு என்று ஒரு துண்டு நகர்த்தி வைத்துவிட்டு மிச்சம் முழுவதையும் சாப்பிட்டா. நான் என் துண்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். பாரிசின் முதற்கடி அறக்குளாவாக இறங்கியது. (அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.)

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் மீன் உருக வைத்த நாளெல்லாம் அப்பா வாசலிலேயே நின்று, "ஆ, பாரிஸ் மணக்குது!" என்பார். பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருக்கும் சொந்தக்காரர் வரைக்கும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். நான் எதையாவது ஆசையாக வாங்கி வந்தால், "கலண்டர் பாத்தனியோ?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

போன கிழமை அம்மாவின் பிறந்தநாளுக்கு, கலண்டரை மூன்று தரம் பார்த்துவிட்டு, நகரத்துக்குள் இருக்கும் நல்ல கடையொன்றில் அன்றைக்கே செய்த பாரி-பிரெஸ்ட் வாங்கி வந்தேன். நான் தொடவில்லை. என் சட்டம் இன்னும் அமுலில்தான் இருக்கிறது. அம்மா ஒரு துண்டு சாப்பிட்டா. யோசித்து, இன்னொன்றும் சாப்பிட்டா.

"நல்லாத்தான் இருக்கு, பிள்ளை," என்றா. "ஆனா அந்த மணம் இல்லை."

பிறகு எழுந்து போய்க் கலண்டரை ஒவ்வொரு மாதமாகப் புரட்டத் தொடங்கினா. வெள்ளிக்கிழமை வேண்டாம், அமாவாசை வேண்டாம், கந்தசஷ்டிப் பக்கமே வேண்டாம் என்று விரலால் தள்ளித் தள்ளிப் போனவ, ஒரு கிழமையில் விரலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா.

"இதில ரெண்டு பேருக்கு டிக்கற் என்ன விலையெண்டு பார். மாமிக்குச் சொல்லிப்போடாத."