ஸ்டுடியோக்காரர் வைத்த சட்டைக்கை

இனிமேல் நம் தெருவில் ஒரு பெண்ணின் தோளும் வெளியே தெரியக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் முடிவெடுத்தபோது அவரைத் தடுக்க ஒருவரும் இல்லை. அதுதான் வருத்தம். யாராவது குறுக்கே விழுந்து தடுத்திருந்தால் மனிதர் பிழைத்திருப்பார்.

முடிவு அவருடையது என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம்தான். அது பிரார்த்தனை மண்டபத் தலைவர் எடுத்த முடிவு. பெண்கள் எதை உடுத்தலாம், எதை உடுத்தக் கூடாது என்று பார்த்துச் சொல்ல மண்டபத்தில் ஒரு குழு போட்டிருந்தார்கள். குழுவில் எல்லாரும் ஆண்கள். தெருமுனையில் நின்று, வேலைக்குப் போகிற பெண்களை மறித்துப் புத்தி சொல்வார்கள். ஒரு நாள் காலையில் தலைவர் ஸ்டுடியோ வாசலுக்கு வந்தார். முகப்புக் கண்ணாடிக்குள் வைத்திருந்த படங்களை நெடுநேரம் பார்த்தார். பார்க்கக் கூடாத படங்கள் என்று கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் பிடித்தது.

"தம்பி, இதெல்லாம் வாசல்ல நிக்கறது நல்லாயில்ல. எது அடக்கம், எது அடக்கமில்லைன்னு பார்த்துச் சொல்ல, கலைக்கண் உள்ள ஒருத்தர் நம்ம குழுவுக்கு வேணும்" என்றார்.

கலைக்கண் என்றதும் ஸ்டுடியோக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாஸ்போர்ட் படத்தில் காது தெரியவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள்தான் அதுவரை உண்டு. கலை என்று ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. நின்ற இடத்திலேயே தலையாட்டிவிட்டார்.

தலையாட்டிய பிறகுதான் கண்ணாடியின் நடுவில் இருந்த படம் ஞாபகத்துக்கு வந்தது. அது அவர் மனைவியின் படம். கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்கு மனுப் போட ஒரு படம் வேண்டும் என்று வந்த பெண், ஆடுகிற முக்காலியிலிருந்து விழப் பார்த்து, விழாமல், தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டாள். கை வைக்காத வெள்ளைச் சட்டை. சாய்ந்த தோளில் ஜன்னல் வெளிச்சம். மனுவுக்கு அந்தப் படம் ஒத்துவராது என்று வேறு எடுத்துக் கொடுத்தார். இதைத் தனக்கு வைத்துக்கொண்டார். பெண் கேட்டுப் போகும் துணிச்சல் அவருக்கு வந்ததே இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான். வாழ்நாளில் அவர் எடுத்த ஒரே நல்ல படம் அது. கடை திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் துடைப்பார்.

அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். வழி வைத்திருக்கிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் அவர் முகம் பிரகாசமாகிவிடும். பாவம்.

படம் பிடிப்பதோடு அவர் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் பருவை நீக்குவது, மூடின கண்ணைத் திறப்பது, வழுக்கையில் முடி நடுவது எல்லாம் மனைவியின் பொறுப்பு. மவுஸ் இவருக்கு வசப்படவே இல்லை. ஆகவே படத்தில் இருக்கிற பெண்களுக்குச் சட்டைக்கை வைக்கவும் அவளிடம்தான் போக வேண்டியிருந்தது. சாப்பிடும்போது மெல்லப் பேச்செடுத்தார். அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வாள் என்று பயந்து பதில்களைக்கூடத் தயாராக வைத்திருந்தார்.

"எல்லாப் படத்துக்கும் கை வைக்கணுமா?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

"எல்லாத்துக்கும்."

"என் படத்துக்கும்?"

அவர் மென்று விழுங்கினார். "உன்னோடதுக்கு வேணாம். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையறையில மாட்டிக்கலாம். கட்டின புருஷன் பார்த்தா தப்பில்லைன்னு குழுவுலயே சொல்லிட்டாங்க."

"அதாவது, ஊர்ல இருக்கற தோளுக்கெல்லாம் துணி. என் தோள் மட்டும் உங்களுக்கு."

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படிங்க?"

அவர் தண்ணீர் குடித்தார். சரி, நீங்க சொன்னா சரிதான் என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இதற்கு முன்னால் அவள் அப்படிச் சொன்ன சமயங்களில் தன் கதி என்ன ஆயிற்று என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சட்டைக்கைகள் வந்தன. ஸ்டுடியோவில் பின்னால் தொங்குகிற சாம்பல் நிறத் திரையிலிருந்தே அவள் எல்லாருக்கும் துணி வெட்டியிருந்தாள். கண்ணாடிக்குள் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரையைக் கிழித்துப் போர்த்திக்கொண்டு ஓடிவந்தவர்கள் மாதிரி நின்றார்கள். தவழ்கிற ஒரு பெண் குழந்தைக்கும் மணிக்கட்டு வரைக்கும் கை. இது எதற்கு என்று கேட்டதற்கு, குழு வயசு எதுவும் சொல்லலையே என்றாள். குழந்தையின் படத்தைப் பார்த்துத் தலைவர் திருப்தியாகத் தலையசைத்தார்.

மறுநாள் மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண் வந்தாள். அக்கா அக்கா என்று இவர் மனைவியோடு பழகுகிறவள். அவள் படமும் கண்ணாடிக்குள் இருந்தது.

"அண்ணே, என் கை எங்க?"

"இருக்கும்மா. உள்ள இருக்கு" என்று அசடு வழிந்தார்.

அவள் சிரிக்கவில்லை. "என்னைக் கேக்காமத்தான் மாட்டினீங்க. நல்லா இருக்கேன்னு ஆசைப்பட்டு மாட்டியிருக்கீங்கன்னு விட்டுட்டேன். இப்ப கேக்காமயே மூடியிருக்கீங்க. அப்படி என்ன அசிங்கமா இருந்தேன் அதுல?" என்றாள்.

படத்தைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்து வாங்கிப் போனார்கள். கண்ணாடிக்குள் மீசைக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அந்த வாரமே தெருமுனையில் தலைவர் அதே பெண்ணை நிறுத்தி, கழுத்துப் பட்டன் ஏன் திறந்திருக்கிறது என்று நாலு பேர் நடுவில் கேட்டார். குழுவின் கலைக்கண் பக்கத்திலேயே நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு தடவை இவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டாள். அந்தப் பார்வை இவருக்கு இன்னும் உறுத்துகிறது. அன்றைக்கே குழுவை விட்டு விலகியிருக்க வேண்டும். விலகுகிறேன் என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டுமே.

வீட்டிலும் ஒரு மாற்றம். மனைவி அடுப்படியில்கூட முழுக்கைச் சட்டையும் மூடின கழுத்துமாக வேர்த்து வழிய நிற்க ஆரம்பித்தாள். வீட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று இவர் கேட்டதற்கு, பழகிக்கறேங்க என்று முடித்துவிட்டாள். முன்பெல்லாம் காய் நறுக்கிக்கொண்டே ஸ்டுடியோவுக்கு வந்தவர்களைப் போல நடித்துக் காட்டுவாள். அதுவும் நின்றுபோயிற்று. சமையல் சத்தம் மட்டும் கேட்கிற வீட்டில் அவருக்கு உட்காரவே பிடிக்கவில்லை.

இந்த நிலையில்தான் தலைவர் நெகட்டிவ்களைக் கேட்டார். படத்தை மூடினால் போதுமா, வேர் இருக்கிறதே என்றார். இவர் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார். மனைவியின் நெகட்டிவும் அதில் இருந்தது. அதை மட்டும் உருவி எடுத்தால் மற்றவர்கள் பார்த்துவிடுவார்களே என்று விட்டுவிட்டார். கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கிறது, கண்ணாடியிலிருந்து முதலிலேயே கழற்றி மேஜைக்குள் வைத்திருந்த படத்தையும் மனைவி காலையிலேயே வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள், அது போதும் என்று தைரியம். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தகர டிரம்மில் போட்டுக் கொளுத்தினார்கள். அவர் பிழைப்பில் பாதி கரும்புகையாகப் போயிற்று. எல்லாரும் இவர் தோளில் தட்டிக் கொடுத்தார்கள்.

தட்டு வாங்கின தோளோடு, புகை நாற்றத்தோடு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அந்தச் சிரிப்பை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருந்தது. நேரே படுக்கையறைக்குப் போனார். சுவரில் படம் மாட்டியிருந்தது. அதே முக்காலி, அதே சிரிப்பு. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சாம்பல் நிறத் திரைத்துணி.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பழைய படம் எங்கம்மா?"

"என் பீரோவுல."

"கம்ப்யூட்டர்ல இருந்தது?"

"அழிச்சிட்டேன். நீங்க நெகட்டிவையே தூக்கிக் கொடுக்கறீங்க. நான் மட்டும் குழுவுக்கு விரோதமா நடக்கலாமா?"

"சாவியைக் கொடும்மா. ஒரே ஒரு தடவை பார்த்துட்டுத் திருப்பி வெச்சிடறேன்." அவள் மடித்த சட்டையை அடுக்கினதன் மேல் வைத்தாள். சாவியை எடுக்கவில்லை. அவருக்கு வேறு வழி தெரியவில்லை. "கட்டின புருஷன் பார்க்கலாம். குழுவே சொல்லியிருக்கு" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கட்டினதுக்கப்புறம் எடுத்த படம்னா தாராளமா பாருங்க. இது அதுக்கு முன்னாடி எடுத்தது. அந்தப் பொண்ணுக்கு நீங்க யாருங்க?"