அண்ணியின் புளியும் என் உண்டைவில்லும்

குறி தவறுகிறவன் கையில் ஒரு கல் இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. ஒரு தடவை தவறுவான்; இன்னொரு கல் பொறுக்கக் குனிவான்; குனிகிற நேரத்தில் கொஞ்சம் புத்தி வரலாம். அந்த அவகாசத்தைக் கூடக் கொடுக்காத ஒரு சாமான், மலாயாவை ஜப்பான்காரன் பிடித்துவைத்திருந்த காலத்தில் என் கைக்கு வந்தது. பத்துத் தவறுகளை மூச்சு விடுவதற்குள் செய்து முடித்தேன். அதில் ஒன்பதை மன்னித்துவிடலாம்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. மலாக்கா காஜா பெராங்கில் தகரக் கூரை போட்ட வாடகை வீடு. அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு வயது மகள் மீனா, நான் என்று நான்கு பேர். பண்டார் ஹிலிரில் ஒரு வெள்ளைக்காரன் கம்பெனியில் நான் கிராணியாக இருந்தேன். (கிராணி என்றால் வெறும் குமாஸ்தாதான். என் நடையைப் பார்த்தவர்கள் கம்பெனியே என்னுடையது என்று நினைப்பார்கள்.) ஜப்பான்காரன் வந்ததும் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதன்பிறகு என்னிடம் வேலை செய்துகொண்டிருந்தது என் வாய் மட்டும்தான்.

அடுத்த வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்தார்கள். எங்கள் வரிசையில் வீட்டுக்கு ஓர் ஆள் என்றார்கள். கல்யாணம் ஆகாதவன் நான். நியாயப்படி நான்தான் போயிருக்க வேண்டும். அண்ணன், "இவன் மம்பட்டிய எடுத்தா கால்லதான் போட்டுக்குவான்" என்று சொல்லித் தன் பெயரைக் கொடுத்தார். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசினேன். இரண்டாவது வார்த்தை பேசவில்லை. லோரியில் ஏறும்போது, "அண்ணியையும் புள்ளையையும் பாத்துக்கடா" என்றார். எனக்கு இடப்பட்ட வேலை அது ஒன்றுதான்.

அதையும் எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. அரிசி கண்ணில் படவில்லை. காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் குழம்பில் போட்ட மரவள்ளிக்கிழங்கு, மாலையில் காலையில் மிச்சமானது. மீனாவுக்குக் கை கால் குச்சியாகி வயிறு மட்டும் முன்னால் வந்துவிட்டது. "புள்ளைக்குக் கொஞ்சம் கறிச்சாறு குடுத்தா தேறிடும்" என்று அண்ணி ஒருநாள் பொதுவாகச் சொன்னார். எதிர்வீட்டுக் கூரையில் தினமும் ஏழெட்டுப் புறாக்கள் வந்து உட்காரும். நான் அவற்றைப் பார்த்தேன். அவையும் என்னைப் பார்த்தன. அவற்றுக்குப் பயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் ஆ சூன் என்று ஒரு சீனத் தச்சர். அவருடைய கட்டிலுக்கு அடியில், அவர் அப்பா சீனாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஒரு வில் இருந்தது. நம் சாமி கையில் இருக்கிற மாதிரி வில் இல்லை. ஒரு கட்டையின் குறுக்கே வில்லைப் பதித்து, கட்டைக்கு மேலே ஒரு மரப்பெட்டியை வைத்திருந்தார்கள். அம்பு கிடையாது, பெட்டிக்குள் பத்து உருண்டை போட வேண்டும். கைப்பிடியை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் நாண் தானே ஏறும், உருண்டை தானே கீழே இறங்கும், தானே பாயும். மறுபடி தள்ளி இழுத்தால் அடுத்தது. நம் பழைய ஆட்கள் உண்டைவில் என்பார்களே, அதற்கு இது சீனத்துப் பெரியப்பா. தண்ணீர் பம்பு அடிக்கத் தெரிந்தவன் எவனும் இதை அடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று நாள் பின்னாலேயே அலைந்து கேட்டேன். ஆ சூன் கடைசியில் இரங்கினார். "ஜப்பான்காரன் பாத்தா உன் தலையும் போகும், என் தலையும் போகும். ஒரே ஒரு தடவ. கெடைக்கிற புறாவுல பாதி எனக்கு" என்று பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், சொன்னார். களிமண்ணில் கரித்தூள் கலந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, கல் மாதிரி ஆகும்வரை வெயிலில் காயவைக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். நான் உருட்டி, முறத்தில் பரப்பி, கோழி இல்லாத எங்கள் கோழிக்கூண்டின் மேல் வைத்தேன்.

அதே கூண்டின் மேல் இன்னொரு முறம் இருந்தது. அதில் அண்ணியின் புளி. சண்டைக்கு முன்னால் வாங்கியதில் மிச்சம். அண்ணி அதைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு இடித்து, ஒரு நாளைக்கு ஒன்று என்று சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி வைத்திருந்தார். பூசணம் பிடிக்காமல் இருக்க அவ்வப்போது வெயில் காட்டுவார். பழம்புளி கறுத்து இறுகியிருந்தது. கரி கலந்த என் மண்ணும் கறுப்புத்தான். உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

நாலு மணி இருக்கும். புறாக்கள் வந்து உட்கார்ந்தன. "இன்னைக்கு எங்க வீட்டுல புறாக்கறி" என்று காலையிலிருந்தே வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால் வேடிக்கை பார்க்க ஆட்கள் நின்றார்கள். நான் ஓடிப்போய்க் கையில் அகப்பட்ட முறத்திலிருந்து பத்து உருண்டைகளை அள்ளிப் பெட்டியில் போட்டேன். (எனக்கு அன்றைக்கு ஜலதோஷம், வாசம் தெரியவில்லை. இதை ஐம்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். ஒருத்தரும் நம்பியதில்லை.) விரல் லேசாக ஒட்டியது. மண் இன்னும் சரியாகக் காயவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் உருண்டை எதிர்வீட்டுத் தகரத்தில் டங்கென்று விழுந்தது. இரண்டாவது வீட்டையே தாண்டிப் போனது. மூன்றாவது, கொடியில் காய்ந்த யாருடைய கைலியிலோ போய் ஒட்டிக்கொண்டது. புறாக்கள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம்விட்டன. ஒரு புறா மட்டும் விழுந்த உருண்டையைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நிறுத்திவிடலாம் என்று தோன்றியது உண்மை. ஆனால் கை பம்பு அடிக்கிற வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு மூன்று உருண்டைகள் பின்னால் இருந்த பெரிய லொங்கான் பக்கம், அதாவது சாக்கடைக் கால்வாய்ப் பக்கம், பறந்ததைப் பார்த்தேன். பத்தாவது பக்கவாட்டில் திரும்பி ஆ சூன் இழைத்துக்கொண்டிருந்த பலகையில் அப்பிக்கொண்டது.

அவர் அதைப் பிய்த்து எடுத்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது மண்ணு இல்ல. ஆசாம்" என்றார். மலாயில் புளிக்கு அதுதான் பெயர்.

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடேயே அடுப்படிக்குப் போய், "அண்ணி, பத்து நாளைக்கு உங்க குழம்புல புளிப்பு இருக்காது" என்று நடந்ததைச் சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை. வெளியே போய் முறத்தை எடுத்துவந்தார். அதில் நாலு உருண்டை மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றாக அம்மியில் வைத்து உடைத்தார். நாலாவதையும் உடைத்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணி?"

"தாலி தம்பி. அதுல ஒண்ணுல என் தாலி இருந்துச்சு."

அண்ணிக்குப் பொட்டுத்தாலி; சின்னது. சிப்பாய்கள் வீடு வீடாகச் சோதனை போட்ட சமயம், மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தாலியை எங்கோ பத்திரப்படுத்தியிருந்தார் என்பது எனக்கும் தெரியும். எங்கே என்று நான் கேட்டதில்லை.

"எல்லார் கண்ணுலயும் படுற எடத்துல வெச்சா யாரும் தேட மாட்டாங்கன்னு உங்க அண்ணன்தான் சொன்னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னும் அவருதான் சொன்னாரு. உங்க வாயில எதுவும் தங்காதுன்னு."

அண்ணன் சொன்னதில் தப்பில்லை.

சிரித்தவர்களே தேடவும் வந்தார்கள். கூரைமேல் ஏறினார்கள், லாலாங் புல்லை விலக்கினார்கள், கைலிக்காரர் கைலியைக் கொண்டுவந்து கொடுத்தார். பலகையில் ஒட்டியதோடு சேர்த்து ஏழு உருண்டை கிடைத்தது. ஏழையும் உடைத்தோம். புளிதான் இருந்தது. மற்ற மூன்றும் லொங்கானில் விழுந்திருக்க வேண்டும். இருட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் நான் இடுப்பளவுச் சேற்றில் நின்று கூடையால் அரித்தேன். இரண்டு பொத்தான், ஒரு கரண்டி, காலில் போடுகிற ஒற்றைச் சப்பாத்து. தாலி அகப்படவில்லை. எட்டாம் நாள் அண்ணி கால்வாய் ஓரத்தில் வந்து நின்று, "ஏறி வாங்க தம்பி. மஞ்சள் இருக்குல்ல, போதும்" என்றார். ஆ சூன் அந்த வில்லை எப்போதோ பிளந்து அடுப்பில் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அண்ணன் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலில் பாதி அண்ணனுக்காக. மீதிப் பாதி எனக்காக என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பதிலாகப் போனவர் கட்டிய தாலியை நான் வில்லில் வைத்து அடித்திருந்தேன்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து ஓர் ஆள், எலும்பும் தோலுமாக, எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார் என்றார். எந்த மாசம் என்று கேட்டேன். நான் வில்லை எடுத்ததற்கு முன்னாலா பின்னாலா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. "அங்க ஏதுங்க மாசமும் தேதியும்" என்றார் அவர்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள். "தாலிய வில்லுல வெச்சு அடிச்ச வீடு. வேற என்ன நடக்கும்?" நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"பத்து உருண்டை அடிச்சு ஒரு புறாவுக்கு எறகு கூட உதிரல. எங்க தம்பி அடிச்சா அவரு சாகப்போறாரு?"

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்கள். அண்ணிக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. பரீட்சையில் தோற்றவன், காரைக் கொண்டுபோய் மதிலில் மோதியவன், கல்யாணத்துக்குச் சோறு பற்றாமல் செய்தவன், எல்லாருக்கும் அதுதான் ஆறுதல். பிள்ளைகள் சொல்லும்போது நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அண்ணியிடம் மட்டும் அதற்கு நன்றி சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாற்பது வருஷம் தள்ளிப் போட்டேன்.

அண்ணி போன அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு, முந்தின நாளே கூட்டிவந்திருக்க வேண்டும், நெஞ்சுவலியை வாய்வு என்று சொல்லிக் கஷாயம் கொடுத்தது நான்தான், நான்தான் கொன்றுவிட்டேன் என்று புலம்பினேன். மீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கே அப்போது தலை பாதி நரைத்துவிட்டது. அழுது வீங்கிய முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க சித்தப்பா. நீங்க அடிச்சு எது செத்திருக்கு?"