மாப்பிள்ளையின் காரில் கீச்சுச் சத்தம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். வேலை பார்க்கும் ஊரில் நீங்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் மனைவி பக்கத்தில் வந்து நிற்கிறாள். நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவளே சொல்லிவிடுகிறாள், அதுவும் எனக்குப் பாதகமாக. ஆகையால் கடிதம்.

கிளம்பும்போது, "உங்க பொண்ணையும் காரையும் பாத்துக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மகளுக்கு ஒரு குறையும் இல்லை. மாதம் நிறைந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, டாக்டர் அது சகஜம் என்கிறார். கார்தான். போன வாரம் ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினேன், உள்ளே பூனைக்குட்டி மாட்டிக்கொண்டது மாதிரி 'கீ...ச்' என்று ஓர் அலறல். பதறியடித்து அணைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கிப் பார்த்து, தரையில் படுத்து "வா, வா" என்று கொஞ்சி, கிண்ணத்தில் பாலும் வைத்தேன். குட்டி வரவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்தால் அதே அலறல். மாடியில் வயலின் சொல்லித்தருகிறவர் இறங்கி வந்து, "சார், உங்க கார் கத்தினதுக்கு என் ஸ்டூடண்டைத் திட்டிட்டேன், அது அழுதுகிட்டே வீட்டுக்குப் போயிடுச்சு" என்றார்.

உங்கள் அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உள்ள சுத்துற பெல்ட்டுதாங்க கத்துது, காஞ்சு போயிருக்கும். தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க" என்றாள். சொன்னது இரண்டு சொட்டு. மாப்பிள்ளை கார் ஆயிற்றே, கஞ்சத்தனம் கூடாது என்று நான் தாராளமாகவே விட்டேன். சத்தம் கப்சிப். அன்று மத்தியானமே மகளை செக்கப்புக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். மேம்பாலத்தில் பாதி ஏறியிருப்போம், பேட்டரி விளக்கு சிவப்பாக எரிகிறது, ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது, சூடு காட்டும் முள் மேலே மேலே போகிறது, பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது.

"அப்பா, பெல்ட்ல என்ன தடவினீங்க?"

"ஒண்ணும் தடவலையே."

"அப்பா."

"ஊத்தினேன்."

"பெல்ட்டு வழுக்கினா எதுவும் சுத்தாதுப்பா. பேட்டரி, தண்ணி, ஸ்டீயரிங் எல்லாம் அந்த ஒரு பெல்ட்டை நம்பித்தான் ஓடுது" என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பா வலியா என்று தெரியாமல் எனக்கு வியர்த்துவிட்டது. நல்லவேளை, சிரிப்புதான்.

காரைக் கட்டி இழுத்து மெக்கானிக் மீசையிடம் கொண்டுபோனோம். எண்ணெயைத் துடைத்தெடுத்துப் புது பெல்ட் மாட்டினார். ஸ்டார்ட் செய்தால் புதுசும் கத்துகிறது! "அப்ப இன்ஜினையே இறக்கிப் பாத்துடலாம் சார்" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பேனரைத் தேடினார். பம்பு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவள் அல்லவா உங்கள் மனைவி, ஒரு நாற்காலி போடச்சொல்லி உட்கார்ந்துகொண்டு, "ஓடவிட்டு பெல்ட் மேல கொஞ்சம் தண்ணி தெளிங்கண்ணே" என்றாள். தெளித்தார்.

"சத்தம் அடங்குதா, கூடுதா?"

"கூடுதும்மா."

"அப்ப இறுக்கம் பத்தாமதான் வழுக்குது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரைப் பாருங்க."

மீசை இன்ஜினை அணைத்துவிட்டு அதை அழுத்திப் பார்த்தார். ஸ்பிரிங் தொய்ந்துபோய்த் தலையணை மாதிரி அமுங்கியது. "ஆமாம்மா!" என்று அவரே சிரித்துவிட்டார். அதையும் மாற்றியபிறகு கார் மூச்சுக் காட்டாமல் ஓடுகிறது.

இப்போது எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கத்தியபோது ஏதோ கெட்டிருக்கிறது என்றாவது தெரிந்தது. இப்போது எது கெட்டிருக்கிறது என்றே தெரியவில்லை. இந்த வரியை எழுதுவதற்குள் எழுந்துபோய் ஒருமுறை ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டு வந்தேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் வாசலுக்குப் போகத் தோன்றுகிறது. ஆஸ்பத்திரி வரைக்கும் தனியாக ஓட்டி ஒத்திகையும் பார்த்தாயிற்று. ஆகவே நீங்கள் அரக்கப்பரக்க லீவு போட்டுக்கொண்டு வரவேண்டாம். வேண்டிய நேரத்தில் உங்கள் மனைவியை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க நான் இருக்கிறேன்.

எடுத்த வேலையெல்லாம் கைகூடி நீங்கள் நிறைவாக இருக்கவேண்டும். அத்தை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வலி எடுத்துவிட்டது. "அப்பா, வண்டியை எடுங்க!" என்று மகள் குரல் கொடுத்ததும் பாய்ந்துபோய் எடுத்தேன். ஒரு கீச்சு இல்லை, ஒரு குலுக்கல் இல்லை, அப்படி ஓர் ஓட்டம். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, "பாத்தியாம்மா, எப்படி?" என்று பெருமையாகத் திரும்பினேன். பின்சீட்டில் ஃபிளாஸ்க் மட்டும் உட்கார்ந்திருந்தது. டாக்ஸி பிடித்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்துசேர்ந்த உங்கள் அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை. சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது உங்கள் மனைவிதான் சொன்னாள்: "பழைய சத்தம் இருந்திருந்தா, நீங்க கிளம்பிட்டது எங்களுக்குக் கேட்டிருக்கும்பா."

பெண் குழந்தை. இருவரும் நலம். இவர்களை வீட்டுக்கு யார் காரில் அழைத்து வருவது என்று இங்கே பேச்சு நடக்கிறது. அதில் என் பெயர் அடிபடவே இல்லை. உடனே கிளம்பி வாருங்கள்.