கையெழுத்தில்லாத கோப்பு

பிரமிடு கட்டிய தேசத்துக்கு ஒரு கணினிக் கோப்பைப் பரிசோதிப்பது எம்மாத்திரம்! தமன்ஹூர் வாய்க்கால் அலுவலகம் அதைப் பதினோரே நாளில் செய்து காட்டியது.

நாற்பது கிராமங்களின் முறைத்தண்ணீர்ப் பட்டியல் இருந்த கணினியில், ஒரு காலை 'உதவியாளன்' என்ற பெயரில் புதுக் கோப்பு ஒன்று முளைத்திருந்தது. அதை யாரும் வைக்கவில்லை. முதலில் அதைப் பார்த்தவள் கணினியைக் கவனித்துக்கொண்ட இன்ஸாஃப். நெல் நாற்று விட்டிருக்கும் நேரம். பட்டியல் போனால் மதகுக்கு மதகு மண்வெட்டி தூக்குவார்கள்.

இயக்குநர் வஹ்தானிடம் ஓடினாள். "உஸ்தாத், இத யாரும் திறக்கக் கூடாது. மொதல்ல பட்டியலுக்கு நகல் எடுத்துடறேன். அப்புறம் வைரஸ் இருக்கான்னு சோதிச்சிடலாம். ஒரு மணி நேரம் போதும்."

"ஒரு மணி நேரமா?" வஹ்தான் அதிர்ந்துபோனார். "குழு போடாம எதையும் தொடாத, யா பின்தி, என் மகளே!"

குழு அமைந்தது. தலைவர் வஹ்தான். 'தொழில்நுட்ப நிபுணர்' கிடங்குக்காரர் ஹிந்தாவி. அவர் மருமகன் செல்போன் விற்கிறான். முதல் மூன்று நாள் தேநீர் பரிசீலிக்கப்பட்டது. நான்காம் நாள் ஹிந்தாவி வாய் திறந்தார்.

"பேரே உதவியாளன். கெட்டவனா இருந்தா திருடன்னு வச்சிருக்க மாட்டான்? அளவும் கொசு மாதிரி இருக்கு."

"கொசுதான் உஸ்தாத் காய்ச்சலக் கொண்டுவருது" என்றாள் இன்ஸாஃப்.

இது 'சுகாதாரத் துறை சார்ந்த கருத்து' எனக் குறிப்பேட்டில் ஏறியது.

பதினோராம் நாள் இன்ஸாஃப் பொறுமை இழந்தாள். "நல்ல கோப்புன்னா செஞ்சவங்களோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். இதுல கையெழுத்தே இல்ல!"

வஹ்தான் மேசையில் ஓங்கி அடித்தார். "இத மொத நாளே சொல்லக் கூடாதா?"

கோப்பின் பெயரைத் தாளில் அச்சிடச் சொன்னார். பச்சை மையில் கையெழுத்திட்டார். அரசாங்கக் கழுகு முத்திரையும் விழுந்தது. "இப்ப இருக்கா?"

இன்ஸாஃப் கையை நீட்டித் தடுப்பதற்குள், பாதுகாப்பை உறுதிசெய்ய ஹிந்தாவி அதைத் திறந்தார். திரை கறுத்தது. நாற்பது கிராமத்துப் பட்டியலும் ஒரே மூச்சில் பூட்டப்பட்டது.

மறுநாள் வாசலில் மண்வெட்டிகள். இன்ஸாஃப் படியில் உட்கார்ந்து ஒரு நோட்டைப் பிரித்தாள். "உங்க முறை என்னிக்கு, ஹாஜ்?"

"சனியிலேருந்து வெள்ளி வரைக்கும், மகளே."

எல்லாக் கிராமமும் அதையே சொன்னது. தொண்டை கட்டும்வரை கத்தி, ஒருவர் பொய்யை அடுத்தவர் பொய்யால் வெட்டி, மாலைக்குள் பட்டியலை மீட்டாள். தண்ணீர் ஓடியது.

விசாரணை வந்தது. கழுகு முத்திரை பெற்ற கோப்பு குற்றம் செய்ய இயலாது என்று முடிவாயிற்று. ஆகவே இன்ஸாஃபிடம் விளக்கம் கேட்டார்கள்: "அக்கோப்பின் நடத்தை குறித்துத் தங்கள் கருத்து?"

அவள் எழுதினாள்: "பத்தொன்பது வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். இந்த அலுவலகத்தில் திறந்த அன்றே வேலையை முடித்த கோப்பு அது ஒன்றுதான்."