கோமில் கண்டுபிடித்த ஒழுகல்

காரில் ரொட்டிக் கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பிய கோமில், முற்றத்தில் கார் நின்றிருந்த இடம் ஈரமாக இருப்பதைப் பார்த்தார். வேறு யாராவது என்றால் பதறியிருப்பார்கள். கோமிலுக்கோ உள்ளூர ஒரு திருப்தி. நேற்று மதியம்தானே அவர் இதைச் சொன்னார்!

சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி வீடே உட்கார்ந்திருந்தபோது சொன்னார். பழைய வண்டியில் முதலில் வாட்டர் பம்ப் ஒழுகும். அதைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். பெல்ட் நனையும், வழுக்கும், அறுந்தே போகும். மலையில் அறுந்தால் இன்ஜினோடு நம் கதையும் முடிந்தது என்று சொல்லிவிட்டு இன்னொரு கவளம் புலாவை எடுத்துக்கொண்டார். மனைவி காதில் வாங்கவில்லை. கூடவே வாழும் விதவை அக்கா மக்ஃபிரத் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை தலைநகர் துஷன்பேயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகவேண்டும். அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருக்கிறது. தாய்வீட்டிலிருந்துதான் தொட்டில் போகவேண்டும். அது தன் முப்பது வயது ஜெர்மன் காரின் தலையில்தான் மலைக் கணவாயைத் தாண்டும் என்று எங்கள் ஊர் இஸ்தரவ்ஷன் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார் கோமில். மச்சினன் ஃபைஸுல்லோவின் புதுக் காரில் ஏறுவதற்குப் பதில், தொட்டிலைத் தானே சுமந்து நடப்பேன் என்பது அவர் வீறாப்பு.

ஆகவே ஈரம் மச்சினன் கண்ணில் படக்கூடாது. வண்டியை அதன் மேலேயே நிறுத்தி மறைத்தார். பிறகு மெக்கானிக் அஷூரிடம் போனார்.

அஷூர் வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, நிதானமாக வெளியே வந்தார். "பம்ப் காஞ்சு கிடக்கு அண்ணே. ரேடியேட்டர் தண்ணியும் மேல் கோடு வரைக்கும் நிக்குது. ஒழுகினா குறையணுமே?"

"உள்ள காத்து புகுந்திருக்கும். அது தண்ணியத் தூக்கிக் காட்டும்."

நாற்பது வருடத் தொழிலில் அப்படி ஒரு காற்றை அஷூர் சந்தித்ததில்லை. ஆனாலும் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. குழாய்ப் பட்டிகளை இறுக்கி அனுப்பிவிட்டார்.

அன்றைய சாப்பாட்டில் கோமில் ஈரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பெல்ட்டைப் பற்றி மட்டும் விரிவாகப் பேசினார்.

"அவ்வளவு ஆபத்தா தம்பி?" என்றாள் அக்கா.

"ஒரு நூல்ல தொங்குது அக்கா. ஆனா ஓட்டுறது யாரு? நானாச்சே."

மறுநாள் ரொட்டி வாங்கி வந்தபோது ஈரம் இரண்டு மடங்கு. வெறும் தண்ணீர்தான். வெயில் காலத்தில் எங்கள் ஊர்ப் பழைய வண்டிகள் எல்லாமே கூலண்டுக்குப் பதில் குடிப்பது அதைத்தானே. கோமிலுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. பம்ப்பையும் பெல்ட்டையும் மாற்றச் சொன்னார். கழற்றிய பம்ப்பை அஷூர் விரலால் சுற்றிக் காட்டினார், வெண்ணெயாகச் சுற்றியது. கோமில் அதைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"எனக்குக் கேக்குது" என்றார். அஷூர் புதுசை எடுத்துப் பூட்டினார்.

வீட்டுக்கு வந்து, இத்தனை நாள் உயிரோடு இருந்ததே இறைவன் கருணை என்றார். புதுச் சாமானையும் இந்தக் காலத்தில் நம்ப முடியாது, எந்த வளைவிலும் கைவிடலாம் என்று கூடுதலாக ஒரு வார்த்தை. அக்காவின் முகம் வெளுத்தது.

வியாழக்கிழமை காலை ஈரம் சாப்பாட்டு விரிப்பு அளவுக்குப் படர்ந்து கிடந்தது. வண்டியில் பின்னால் பார்க்கும் கண்ணாடி விழுந்து எத்தனையோ வருடம். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் என்ன வேலை என்பது கோமிலின் கொள்கை. அதனால் திரும்பி வரும்போதெல்லாம் இந்தக் காட்சி புத்தம் புதிதாக அவரைத் தாக்கியது.

அஷூருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினார். வெள்ளிக்கிழமை தானே சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். பம்ப்பைக் கழற்றினார், பூட்டினார், பெல்ட்டை மாட்டினார். பல்லுக்குப் பல் அடையாளம் பார்த்து மாட்டவேண்டும், தவறினால் இன்ஜின் உள்ளேயே இடித்து நொறுங்கும் என்பதெல்லாம் அனுபவம் இல்லாதவர்களுக்கு. அவர் கண்ணாலேயே அளந்தார். சாவியைத் திருப்பியதும் உள்ளே யாரோ அக்ரூட் கொட்டை உடைப்பதுபோல் படபடவென்று சத்தம் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. கோமில் மறுபடி சாவியைத் திருப்பினார், இன்ஜின் அசையவே இல்லை. அழுகை வந்தது, கிரீஸ் கண்ணில் பட்டுவிட்டது என்று மனைவியிடம் சொன்னார்.

சனிக்கிழமை காலை, அதே முற்றத்துக்கு வந்து நின்ற ஃபைஸுல்லோவின் காரில் தொட்டில் ஏறியது. ஃபைஸுல்லோ ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதுதான் கோமிலுக்கு அதிகமாக வலித்தது. பின் சீட்டில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி வாசலைத் தாண்டும்போது, செத்துப்போன தன் காரைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கலாம் என்று திரும்பினார்.

திராட்சைப் பந்தலுக்குப் பின்னாலிருந்து அக்கா வந்தாள். கையில் ஒரு கிண்ணம். ஃபைஸுல்லோவின் கார் நின்ற இடத்தில் தண்ணீரை வீசி ஊற்றினாள். தூரப் பயணம் போகிறவர்கள் நல்லபடியாகத் திரும்பவேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ரொட்டிக் கடைக்குப் போகிறவனுக்கு யாரும் ஊற்றுவதில்லை.

"வண்டிய நிறுத்து" என்றார் கோமில். இறங்கி வந்து ஈரத்தைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். "அக்கா, இது எத்தனை நாளா நடக்குது?"

மக்ஃபிரத் கிண்ணத்தை முக்காட்டு நுனியில் துடைத்தபடி சொன்னாள்:

"நீ பெல்ட் அறுந்துடும்னு சொன்னதுக்கு மறுநாள்லேருந்து தம்பி, புது வண்டிக்கு ஒரு கிண்ணம் போதும், உன் வண்டிக்குத்தான் கடைசியில வாளி வாளியா ஊத்த வேண்டியதாப் போச்சு."