மூன்று பேர் படத்தில் நான்காவது ஆள்

ஊராரின் படங்களைக் கணினியில் ஒழுங்குபடுத்துகிறவர் என்று ஒரு மனித இனம் உண்டு. படம் எடுப்பவர் இவர் அல்லர். எடுப்பவருக்குக் கை நடுங்கும் என்பது இவருடைய அபிப்பிராயம். படத்தில் நிற்பவரும் அல்லர். நிற்பவர்களுக்கு நிற்கத் தெரியாது என்பது இவருடைய துயரம். எல்லோரும் எடுத்து, நின்று, சிரித்துக் கலைந்துபோன பிறகு வந்து, அவர்கள் விட்ட பிழைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்துவதற்கென்றே பிறந்தவர். நல்லவர். அதுதான் பயம்.

ஊர்காவற்றுறை என்ற தீவுத் துறைமுக ஊரில் இவருக்கு அரியநாயகம் மாஸ்டர் என்று பெயர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். லண்டனில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த கணினி முன்னறையில் பூவேலைத் துணி போர்த்தபடி வீற்றிருக்கும். சண்டை ஓய்ந்து சமாதான காலம் பிறந்து, மூடிக் கிடந்த பாதை திறந்து, வெளிநாட்டுப் பிள்ளைகள் கையளவு கமெராக்களோடு வந்து இறங்கத் தொடங்கியபோது, அவர்கள் எடுத்த படங்களை இறக்கிவைக்க அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே இடம் அந்த முன்னறைதான்.

அவருடைய கிரியைகளைப் பார்த்திருக்கிறீர்களா? போர்வையை நாலாய் மடிப்பார். விசைப்பலகையைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுவார். கணினி எழும்ப மறுத்தால், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் நினைவக அட்டையை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளை பென்சில் கோட்டை அழிக்கும் அதே அழிறப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்து, ஊதி, மறுபடி செருகுவார். கணினி எழும்பிவிடும். கெட்டிக்காரர் இல்லையென்று யார் சொன்னது?

படங்களை மற்றவர்கள் திகதிப்படி வைப்பார்கள். மாஸ்டர் உறவுப்படி வைப்பார். 'கலியாணம் முடித்தவர்கள்', 'முடிக்க வேண்டியவர்கள்', 'கதைபேச்சு இல்லாதவர்கள்' என்று தனித்தனிக் கோப்புறைகள். அண்ணனும் தம்பியும் எல்லை வேலிக்காகச் சண்டை பிடித்தால் அன்று மாலையே தம்பி வேறு கோப்புறைக்குக் குடிபோய்விடுவார். சமாதானமானால் திரும்பி வருவார். சில குடும்பங்கள் வருடத்துக்கு மூன்று முறை இடம்பெயர்ந்தன.

"மாஸ்டர், அழிஞ்சு கிழிஞ்சு போகாதோ?" என்று யாராவது கேட்டால், "ஒண்டும் அழியாது. எல்லாம் உள்ளுக்க கிடக்கும். ஏழு சீடியில பதிஞ்சும் வைச்சிருக்கிறன்" என்பார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவருக்குச் சிலையே வைத்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு நெஞ்சு இருந்தது. அந்த நெஞ்சு, மூன்று பேர் சேர்ந்து நிற்கும் படத்தைக் கண்டால் பதறும். மூவராய் நின்று படமெடுத்தால் ஒருவர் நிலைக்கமாட்டார் என்று அவருடைய தாயார் சொல்லியிருந்தார். ஆட்கள் குறைந்துபோவதற்கு இந்தத் தீவுகளில் என்றைக்குமே படம் காரணமாக இருந்ததில்லை என்று அவருக்கு யார் சொல்வது? கணக்கு வாத்தியார் அல்லவா, விடையையும் அவரே கண்டுபிடித்தார். மூன்றோடு ஒன்றைக் கூட்டினால் நான்கு. ஆபத்து நீங்கியது.

கூட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே. ஆள் கிடைத்தார். படகுத்துறையில் அனலைதீவுப் படகுக்கு மூட்டை ஏற்றும் பஸ்ரியாம்பிள்ளை. கோயில் பெருநாள் படமொன்றில் அவர் தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேர்ட்டோடு, ஒரு கையைச் சற்றே தூக்கியபடி, மற்றவர்களைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தார். சுற்றிவர வெட்டியெடுக்க அவ்வளவு வசதி! அன்று தொடங்கி, ஊரில் எங்கே மூவர் நின்றாலும் நான்காவதாய்ப் பஸ்ரியாம்பிள்ளை வந்து நின்றார். காதுகுத்தில் நின்றார். பூப்புனித நீராட்டில் நின்றார். புதுமணத் தம்பதிக்கும் மாமியாருக்கும் நடுவில்கூட நின்றார்.

பாவம், அவருக்கு இது ஒன்றும் தெரியாது.

ஜசிந்தாவுக்கும் தெரியாது. அவளுடைய கணவன் அமலதாஸ் கனடாவில். பிள்ளை பிறந்த பிறகு ஒரேயொரு தடவைதான் வந்தான். திரும்பிப் போகிற காலையில், வாசலில் வான் வண்டி காத்துநிற்க, அவனும் அவளும் கைப்பிள்ளையுமாய் நின்று ஒரேயொரு படம் எடுத்தார்கள். அந்தப் படம் மாஸ்டரின் கணினிக்குள் இறங்கியது. கமெராவை வெறுமையாக்கிக் கொடுத்தவரும் மாஸ்டர்தான். இப்போது கொழும்பில் விசா நேர்முகம். குடும்பமாய் எடுத்த படம் கட்டாயம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நேர்முகம். ஞாயிற்றுக்கிழமை அவள் மாஸ்டரின் திரைக்கு முன்னால் நின்றாள்.

"மாஸ்டர், இது ஆர்?"

"எங்கட பஸ்ரியாம்பிள்ளையெல்லே."

"எங்கட படத்துக்க அவருக்கு என்ன வேலை?"

"மூண்டு பேர் நிக்கக்கூடாது பிள்ளை. உங்கட நன்மைக்குத்தான் ஒட்டிவிட்டனான்."

"ஐயோ, அவற்ற கை என்ர தோளிலயெல்லோ கிடக்கு!"

"அந்தக் கைக்கு வேற இடம் காணாமல் போச்சு."

"ஆளை எடுத்துவிடுங்கோ மாஸ்டர். இப்பவே."

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "எடுக்கலாம். ஆனால் அவர் நிக்கிற இடத்தில உம்மட மனுசன்ர பாதி உடம்பும் போயிடும். பழைய படத்துக்கு மேலயே பதிஞ்சுபோட்டன்."

"ஏழு சீடி எண்டியள்?"

ஏழையும் போட்டுப் பார்த்தார்கள். ஏழிலும் அதே சேர்ட்டு, அதே கை, அதே சிரிப்பு. திருத்திய பிறகுதான் பதிவது மாஸ்டரின் வழக்கம். பிழையான படத்தைச் சேமித்து வைப்பார்களா?

ஜசிந்தா அழுதாள். மாஸ்டரும் அழுதார். அழுதபடியே அச்சடித்துக் கொடுத்தார். நல்ல தெளிவான அச்சு.

கொழும்பில் வெள்ளைக்கார அதிகாரி படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பவர் அதைத் தமிழில் சொன்னார். "போன மாதம் வந்த இரண்டு குடும்பத்தின்ர படத்திலும் இவர்தான் நிண்டவராம். உங்கள் எல்லாருக்கும் இவர் என்ன முறை?"

ஜசிந்தா உள்ளதைச் சொன்னாள். மூன்று பேர் நிற்கக்கூடாது என்றதைக் கேட்டதும் மொழிபெயர்ப்பவர் தன்னையறியாமல் "ஓம், எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். இவரை ஒட்டலாமென்றால், கணவரையும் ஒட்டியிருக்கலாமே?

இரத்தப் பரிசோதனை செய்து வரச் சொன்னார்கள். தகப்பனின் இரத்தம் அங்கே, பிள்ளையின் இரத்தம் இங்கே. கடிதங்கள் போய் வந்து முடிய எட்டு மாதமாயிற்று. விசா கிடைத்தது. அந்த எட்டு மாதத்துக்குள் பிள்ளை நடக்கவும், சுவரில் மாட்டிய அந்தப் படத்தைக் காட்டி "அப்பா" என்று பேசவும் தொடங்கிவிட்டது.

விசா வந்த கிழமை ஜசிந்தா பிள்ளையோடு படகுத்துறைப் பக்கம் போனாள். வெங்காய மூட்டையோடு எதிரே ஓர் ஆள் வந்தார். பிள்ளை தாயின் கையை உதறிக்கொண்டு ஓடியது. வீட்டுச் சுவரில், தகப்பனின் பாதியை மறைத்து நின்று, நாளும் பார்த்த முகமல்லவா!

"அப்பா!"

பஸ்ரியாம்பிள்ளை மூட்டையைக் கீழே போட்டார். துறையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மனைவி மேரிறோஸும் பார்த்தாள். ஜசிந்தா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி, "அவர் இல்லையடா, மற்றவர், மற்றவர்!" என்று சொன்னது நிலைமையைச் சீர்ப்படுத்த உதவவில்லை.

செய்தி கேட்டு மாஸ்டர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து, முகம் கழுவி, போர்வையை நாலாய் மடித்து, பஸ்ரியாம்பிள்ளையை எல்லாப் படங்களிலிருந்தும் விலக்கிவிட்டு, அந்த இடங்களில் தன்னுடைய படத்தை ஒட்டத் தொடங்கினார். மானம் போனால் தன்னோடு போகட்டும் என்றார். எவ்வளவு பெரிய தியாகம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் கணினி இருக்கிறது. அதற்குள் மைத்துனியின் சிவந்த கண்ணைக் கறுப்பாக்கியதும், வேண்டாத சித்தப்பாவை ஓரத்தோடு நறுக்கிவிட்டதும், ஒரே மாதிரி இரண்டு இருக்கிறதென்று ஒன்றை அழித்ததும் யார்? ஒருமுறை திறந்து, உங்கள் குடும்பப் படத்தில் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். மூன்று என்று வந்தவுடன் நெஞ்சு கொஞ்சம் திக்கென்றால், தயவுசெய்து, மவுசிலிருந்து கையை எடுங்கள்.