என் மச்சினன் பார்த்த ராக் கச்சேரி

ஒரே ஆள் மேல் பதினோரு வருஷம் கோபமாக இருப்பது சாதாரண வேலை இல்லை. அதிலும் அந்த ஆள் மனைவியின் தம்பியாக இருந்து, ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்கு வந்து என் கையாலேயே வேட்டி வாங்கிக்கொண்டு போகிறவனாக இருந்தால், பல்லைக் கடிப்பதற்கென்றே தனிப் பயிற்சி வேண்டும். எனக்கு அந்தப் பயிற்சி உண்டு. (கடைவாய்ப் பல் இரண்டு போய்விட்டது. டாக்டர் சர்க்கரை என்கிறார். காரணம் எனக்கல்லவா தெரியும்.)

நான் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அதோடு, வெறிபிடித்த ராக் இசை ரசிகன். அப்பா சிவகாசியில் ஒரு அச்சாபீசில் கட்டிங் மெஷின் ஓட்டியவர். அங்கே கேசட் அட்டைகளும் அச்சாகும். கலர் பிசகிப்போன தாள்களை என் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடக் கொண்டுவருவார். அப்படித்தான் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் மேல் நான்கு சடைமுடி வெள்ளைக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாட்டைக் கேட்பதற்கு இரண்டு வருஷம் முன்பே அந்த ஆல்பத்தின் எல்லாப் பாட்டுகளின் பெயரும், எது எத்தனை நிமிடம் என்பதும், யார் எந்த வாத்தியம் என்பதும் எனக்கு மனப்பாடம். பிறகு மதுரையில் அந்தக் கேசட் கிடைத்தது. கடைசிப் பாட்டில் கிடார்க்காரர் நான்கு நிமிடம் தனியாக வாசிப்பார். அதை முதல் தடவை கேட்ட அன்று, சைக்கிளை எடுத்து ஆனைக்குட்டம் அணை வரை மிதித்துப் போய், அங்கே சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

அந்தக் கிடார்க்காரர் எழுபது வயதில் பெங்களூருக்கு வந்தார். இதோடு மேடையை விட்டு விலகப்போவதாகவும் அறிவித்திருந்தார். நானும் ஒரு நண்பனும் டிக்கெட் எடுத்தோம். கிளம்பும் வாரத்தில் நண்பனுக்கு மஞ்சள்காமாலை. மிஞ்சிய டிக்கெட்டுக்கு என் மனைவி ஈஸ்வரி ஆள் சொன்னாள்.

“தனியா எதுக்குப் போறீக? தம்பியும் பெங்களூரு பாத்ததில்ல.”

தம்பி மாரிச்சாமி காரியாபட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். இசையைப் பற்றி அவனுக்கு இருந்த ஒரே கருத்து, சத்தம் அதிகமாக இருந்தால் பேரிங் போய்விட்டது என்பதுதான்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். அந்த மகானை வெறுங்கையோடு பார்ப்பதா என்று தோன்றியது. அச்சகத்தில் எனக்கு வேண்டிய ஒருவரிடம் கெஞ்சி, கிடார்க்காரரின் படம் போட்ட கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்று செய்தேன். நான்கு கலர், பளபளப்பு, ஓரத்தில் தங்கக் கோடு. வெறும் காலிப் பெட்டிதான். எப்படியாவது அதில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று கனவு. ஆனால் லேபிள் நிஜ லேபிள் மாதிரியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, ‘வெடிபொருள், கவனமாகக் கையாளவும்’ என்பதையும் சிவப்பில் போடச் சொன்னது நான்தான். போதாததற்கு அதை வைத்துக்கொண்டு போனது, ஆறு வருஷமாக நான் வேலைக்குக் கொண்டுபோகும் பையில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மைதானத்தின் வாசலில் வரிசை. எனக்குக் கண் கலங்கிப்போய் இருந்தது. கறுப்பு பனியன் போட்ட ஆயிரக்கணக்கான பேர். என்னைப் போன்றவர்கள் இத்தனை பேர் உலகத்தில் இருக்கிறார்களா என்று நினைத்த நேரத்தில் ஒரு மோப்ப நாய் வந்தது. என் பையை முகர்ந்தது. குரைக்கவில்லை. மரியாதையாக என் காலடியில் உட்கார்ந்து, தன் எசமானரை நிமிர்ந்து பார்த்தது. என்னைச் சுற்றியிருந்த கறுப்பு பனியன்கள் அத்தனையும் பத்தடி பின்னால் போய்விட்டன.

போலீஸ்காரர் மாரிச்சாமியிடம், இவர் உன்னோடு வந்தவரா என்று கேட்டார். மாரிச்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தான். என் மகளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவன் அவன்.

“பழக்கமில்ல சார்” என்றான். சொல்லிவிட்டு உள்ளே போனான்.

என்னை மேடைக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். பையிலிருந்து பெட்டி வெளியே வந்தது. இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. கொஞ்சம் தமிழ் தெரிந்த ஏட்டு ஒருவர் மொழிபெயர்த்தார். எங்கள் ஊரில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகும் கலவை. அந்த நினைப்பிலேயே, பயத்தோடு, “சார், நான் மருந்து கலக்குற ஆளு. பையில மருந்து வாசம் இருக்கும். சரக்கு எதுவும் இல்ல” என்று உண்மையைச் சொன்னேன்.

ஏட்டு அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, ஐந்தாவது நிமிடம் போதைப்பொருள் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ராக் கச்சேரிக்கு மருந்து கலக்குகிறவன், சரக்கு, வாசம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் வந்திருப்பேன்.

அப்போது கச்சேரி தொடங்கியது. கொட்டகைக்குள் பாட்டு வரவில்லை, அடி மட்டும்தான் வந்தது. தகரம் அதிர்ந்தது, மேஜை மேல் தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது. அந்த அதிர்வை வைத்தே இது இன்ன பாட்டு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். கடைசிப் பாட்டும் வந்தது. அந்த நான்கு நிமிடம் கிடார்க்காரர் தனியாக வாசித்தபோது மட்டும் தகரம் அமைதியாக இருந்தது. கம்பியின் சத்தம் எங்கோ கொசுவைப் போல மெல்லக் கேட்டது. காதைத் தீட்டினேன். ஏட்டு என் முட்டியைத் தட்டி, அப்பா பெயர் என்ன, எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றார்.

கடைசியில் முதலாளிக்குப் போன் போட்டார்கள். அவர் லைசென்ஸ் நகலைப் போனிலேயே அனுப்பி, இன்ஸ்பெக்டரிடம் பேசிவிட்டு, என்னைக் கேட்டார்: “ஏலே, வெள்ளைக்காரன் பாட்டுக் கேக்க லேபிளோடயா போவாக?”

வெளியே வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மாரிச்சாமி காதில் பஞ்சும் கையில் பாப்கார்னுமாக வந்தான். ரெண்டு பேரும் மாட்டிக்கொண்டால் வெளியில் இருந்து காப்பாற்ற ஒரு ஆள் வேண்டாமா, அதனால்தான் தெரியாது என்றேன் என்றான். காப்பாற்றுவதற்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். முதல் வரிசையில் இடம் கிடைத்ததாகச் சொன்னான். ஜெனரேட்டர் அருமையான ஜெனரேட்டராம், ஒரு தடவைகூடத் திணறவில்லையாம்.

மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பினோம். வழி முழுக்க நான் கச்சேரிப் பேச்சை எடுக்கவில்லை. விருதுநகர் நெருங்கும்போது அவனாகவே ஆரம்பித்தான்.

“அந்தக் கெழவரு கடசில ஒரு பிளாஸ்டிக் சில்ல விட்டெறிஞ்சாரு அத்தான். நேரா எம் நெஞ்சுல வந்து விளுந்துச்சு. பக்கத்துல ஒரு பய அதக் குடு குடுன்னு அளுறான்.”

அது கிடார் மீட்டும் சில். அவர் விரல் பிடித்திருந்த சில். எங்கலே அது என்றேன்.

“ஓசூர்ல டிபன் சாப்ட்டோம்லா. டேபிளு ஆடுச்சுல்ல. காலுக்கு அடியில சொருகுனேன். நீங்ககூட, பரவால்ல, நின்னுருச்சுன்னீக.”

சொன்னேன். அந்த மேஜையில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுச் சொன்னேன். அடுத்த மாதம் ஈஸ்வரியிடம் கம்பெனி வேலை என்று பொய் சொல்லிவிட்டு ஓசூர் போனேன். அந்த ஓட்டலில் மரமேஜைகளை எடுத்துவிட்டு கிரானைட் போட்டிருந்தார்கள்.

மூன்று வருஷம் கழித்துக் கிடார்க்காரர் இறந்துபோனார். எனக்கு முதலில் வந்த போன் மாரிச்சாமியுடையது. “பாவம் அத்தான். நான் பாத்த மனுசன்” என்றான். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் ராக் இசைக்கு அதிகாரி அவன்தான். கல்யாண வீடுகளில் இளவட்டங்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து, கெழவர் எப்படி வாசித்தார் என்று கேட்கிறார்கள். அவன் கையை ஆட்டிக் காட்டுகிறான். என்னிடம் கேட்பது எல்லாம் நாய் என்ன கலர் என்பது மட்டும்தான்.

போன மாதம், வேலை நேரத்தில், மாரிச்சாமியிடமிருந்து போன். இன்னொரு போனை ஸ்பீக்கரில் போட்டு யாரோடோ பேசிக்கொண்டே என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டான். கிடாரில் மொத்தம் எத்தனை கம்பி? ஆறு என்றேன். அந்தப் போனில் அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“ஆறு தாயி. பக்கத்துல நின்னு எண்ணுனேம்லா.”

யாரோ காலேஜ் நிகழ்ச்சியில் ராக் இசை பற்றிப் பேசப்போகிறார்கள் போலிருக்கிறது. ரொம்ப தேங்க்ஸ் மாமா, அப்பாகிட்டக் கேட்டா நாய்க் கதையைச் சொல்லிக் கோபப்படுவாங்க என்றது மறுமுனைக் குரல். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் என் மகளின் குரல்.